மேரி நீட்டிய குழந்தை

ஒரகடத்துக் கல்குவாரி வேலையை விட்டுவிட்டு, தோளில் சாக்குப் பையுடன் வல்லக்கோட்டைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. புதுப் பாலத்துக்குப் பலி கொடுக்கப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் வதந்தி. அது தெரியாமல், வழியில் அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தைக்கு என்னிடமிருந்த பொரியைக் கொடுத்துவிட்டேன்.

நூறடி தாண்டுவதற்குள் ஏழெட்டுப் பேர் கழிகளோடு சூழ்ந்துகொண்டார்கள்.

"கொழந்தைக்கு இன்னாடா குடுத்த?"

"எந்தக் குழந்தையையும் நான் பார்க்கலீங்க" என்றேன். பயத்தில் பொய்தான் வந்தது. ஒருவர் கழியை ஓங்கினார்.

அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் தாய் ஓடி வந்தார். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. குழந்தையின் கையில் இன்னும் பொரி இருந்தது.

"பயத்துல பொய் சொல்றான். காஞ்சி கெடக்கிற மூஞ்சியப் பாருங்க" என்றவர், குழந்தையை என்னிடம் நீட்டினார். "புடிப்பா, கூழ் கொண்டாறேன்."

கழி ஓங்கியவர் கேட்டார்: "இன்னா மேரி, பயமா இல்லியா உனுக்கு?"

"பயமாத்தான் கீதுண்ணா. அதுக்காக, வழியில போறவன அடிக்க வுட்டுட்டு ஏசப்பா முன்னாடி எப்பிடி முட்டி போடறது?"

குழந்தையை என் கையில் வைத்துவிட்டுக் கூழ் எடுக்கப் போனார். கழி மெல்ல இறங்கியது. அவர் கொண்டுவந்த கூழைக் குடித்தேன். பயமில்லாதவர்கள்தான் நல்லது செய்வார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை, மேரியின் கணவர் வேலை பார்த்த செங்கல் சூளையில் மண் மிதிக்கச் சேர்ந்தேன். மேஸ்திரி பெயர் கேட்டார். பயத்தில் போன இடமெல்லாம் வேறு வேறு பெயர் சொல்லி வந்தவன், அன்று அப்பா வைத்த பெயரைச் சொன்னேன்.