ஆடாது என்றது கம்ப்யூட்டர்

போன வாரம் மாம்பலத்தில் ஒரு உறவினர் வீடு. பெண்ணுக்கு ஜாதகப் பொருத்தம் பார்த்து முடித்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கையில் நீளமான மடிப்புக் காகிதம், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டைகள்.

"கம்ப்யூட்டர்லயே போட்டுப் பார்த்தாச்சு. இனிமே யோசிக்க என்ன இருக்கு?" என்றார்.

எனக்கு உட்காரவே முடியவில்லை. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். மரியாதை இல்லைதான். என்ன செய்ய? அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே எனக்குக் கும்மிடிப்பூண்டி ஞாபகம் வந்துவிடுகிறது...

பத்திரிகையில் பத்தி எழுதாத நாட்களில் நான் கட்டட இன்ஜினியர். சில வருஷங்களுக்கு முன்னால் எங்கள் கம்பெனிக்கு ஒரு அழைப்பு வந்தது. ஹமீது பாய் என்று ஒரு முதலாளி. பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். கும்மிடிப்பூண்டியில் மைக்கா, அதாவது காக்காப்பொன், தரம் பிரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். கீழே பெரிய ஹால்; நடுவில் ஒரு தூண் கிடையாது. மாடியில் கடகடவென்று ஆடும் சல்லடை மெஷின். அதைச் சுற்றி இருபது முப்பது பெண்கள் உட்கார்ந்து மைக்காவைப் பிரிப்பார்கள். எல்லோர் முகத்திலும் மைக்காத் தூள் மினுமினுக்கும்.

பிரச்சினை என்ன? மெஷின் ஓடினால் மாடித் தரையும் சேர்ந்து ஆடியது.

"மொதல்ல இப்டி இல்ல தம்பி. இந்த மழைக்கு அப்புறந்தான் ஒரே பேஜாரா கீது" என்றார் பாய். பயந்துபோய் மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்.

தூண் இல்லாமல் அந்தத் தரையைத் தாங்கியவை ப்ரீஸ்ட்ரெஸ் உத்தரங்கள். செங்கற்களை வரிசையாக வைத்து, இரண்டு முனையிலும் உள்ளங்கையால் இறுக்கித் தூக்கிப் பாருங்கள். நடுக்கல் விழாது. அந்த வேலையைத்தான் உத்தரத்துக்குள் ஓடும் எஃகு வயர்கள் செய்கின்றன. இழுத்து முறுக்கேற்றிய வயர்கள் கான்கிரீட்டை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும்.

ஒவ்வொரு உத்தரத்துக்கும் சொந்தமாக ஒரு அதிர்வு வேகம் உண்டு. மெஷினின் வேகம் அதோடு ஒத்துப்போனால் வந்தது வினை. ஆட்டம் ஏறிக்கொண்டே போகும். ஒத்துப்போகிறதா, இல்லையா? அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சென்னையில் அப்போது கம்ப்யூட்டர் இருந்த இடங்கள் மிகச் சில. அப்படி ஒரு இடத்தில் புரோகிராம் பார்த்துக்கொள்பவர் வசந்தா. உத்தரத்தைக் கற்பனையில் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் கணக்குப் போட்டுக் கோக்கும் முறை புதிதாக வந்திருந்தது. ஃபைனைட் எலிமென்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் படிப்பதற்காக உத்தரத்தின் விவரங்களை அட்டை அட்டையாக ஓட்டை போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்தது. உத்தரத்தின் வேகம் எங்கேயோ, மெஷினின் வேகம் எங்கேயோ. இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை. தரை ஆடக் கூடாது!

எங்கள் சீஃப் இன்ஜினியருக்கு ஒரே சந்தோஷம். "கம்ப்யூட்டரே சொல்லிடுத்து. போய் மெஷினை ஓட்டச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மெஷின் நின்ற நாட்களில் கூலி இல்லாமல் தவித்த பெண்கள் மடமடவென்று மாடி ஏறினார்கள். பாயும் நானும் பின்னாலேயே ஏறினோம்; மெஷின் ஓட ஆரம்பித்தது. அவர்களுக்குத் தலைவி மாதிரி இருந்த தனம் மட்டும் என் பக்கத்தில் நின்றாள்.

நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஆடியது. மேஜை மேல் பாய் வைத்த டீ கிளாஸ் தானாக ஓரத்துக்கு நகர்ந்தது.

"தனம், பயமா இல்லையா?"

"ஆடுனா ஆடட்டும் சார். ரயிலு ஆடலியா? அதுல ஏறாமயா கீறோம்? வேல இருந்தா சரி."

முதலாளிக்குச் சம்மதம், தொழிலாளிக்குச் சம்மதம், சீஃபுக்குச் சம்மதம், கம்ப்யூட்டருக்கும் சம்மதம். எனக்கு மட்டும் என்ன கேடு? ரயிலில் திரும்பும்போது ஜன்னல் சீட் கிடைத்தும் உட்காரவில்லை. வாசலுக்கும் சீட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். கணக்குப்படி ஆடக் கூடாது... ஆனால் ஆடுகிறதே?

இறங்கியதும் நேரே வசந்தாவிடம் போனேன். "கம்ப்யூட்டர் தப்பாச் சொல்லியிருக்குமா?"

அவர் என் அட்டைகளைப் புரட்டினார். "வயர் எல்லாம் முழு இறுக்கத்துல இருக்கு, உத்தரத்துல விரிசலே இல்லைன்னு நீங்கதானே சார் எழுதிக் கொடுத்திருக்கீங்க? அது அதை நம்பித்தான் கணக்குப் போடும். நிஜமாவே இறுக்கமா இருக்கா?"

எனக்கு எப்படித் தெரியும்? வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது!

வயர்கள் தளர்ந்து, உத்தரத்தின் அடிப்பக்கம் விரிசல் விட்டிருப்பதாக வைத்து மறுபடி அட்டை போட்டோம். விரிசல் விட்ட உத்தரம் தொய்ந்துபோகும், அதன் வேகம் இறங்கும். மறுநாள் காகிதம் வந்தது. இறங்கிய வேகம் மெஷினின் வேகத்தோடு அச்சாகப் பொருந்தியது.

டிரங்க் கால் புக் செய்தால் எப்போது கிடைக்குமோ! ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் கவரைப்பேட்டையில் நின்றது... நின்றுகொண்டே இருந்தது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிடுகிறார்களாம். எத்தனை நேரம் பொறுப்பது? குதித்து ரோட்டுக்கு வந்து, செங்கல் லாரி ஒன்றைக் கைகாட்டி ஏறினேன்.

தொழிற்சாலை வாசலிலேயே சத்தம் கேட்டது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் அத்தனை பேரும் மாடியில்.

"பாய், நிறுத்தச் சொல்லுங்க! எல்லாரையும் கீழ இறக்குங்க!"

"இன்னா தம்பி வெளையாட்றியா? நேத்து ஓட்டுன்ற, இன்னிக்கு நிறுத்துன்ற. சரக்கு கப்பலுக்குப் போவணும்!"

"உத்தரத்துக்கு அடியில பூசின சிமென்ட்டைக் கொஞ்சம் பெயர்த்துப் பார்க்கலாம். ஒண்ணுமில்லைன்னா, நானே மெஷினை ஓட்டிட்டு அது மேல உட்கார்ந்துக்கறேன்."

பாய் என் முகத்தைப் பார்த்தார். என்ன தெரிந்ததோ, மெயின் சுவிட்சைத் தாமே அணைத்தார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். தனம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அன்றைக்குக் கூலி போன பார்வை.

ஏணி போட்டு, வெள்ளையடித்த பூச்சை உளியால் பெயர்த்தார்கள். அடியில் விரிசல். ஒன்றா? நகம் நுழையும் அளவுக்கு நடு உத்தரத்தில் ஒன்று, அதன் இரண்டு பக்கமும் மயிரிழைகளாகப் பல. உத்தரத்தின் முனையைத் திறந்தால், வயர் ஓடும் குழாய்க்குள் ஊற்றியிருக்க வேண்டிய சிமென்ட் பாலை ஊற்றவே இல்லை. மழைத் தண்ணீர் இறங்கி வயர்களைத் தின்றிருந்தது. ஒன்றை விரலால் தொட்டேன். செதில் செதிலாக உதிர்ந்தது.

ஹமீது பாய் அப்படியே ஒரு மைக்கா மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். "எத்தினி பொம்பளைங்க தம்பி மேல..."

அன்றே சவுக்குக் கட்டைகளால் முட்டுக் கொடுத்தோம். அப்புறம் மெஷினைக் கீழே இறக்கி, மண்ணில் தனியாக அஸ்திவாரம் போட்டு உட்கார வைத்தார் பாய். மெஷின் நின்ற நாட்களுக்கும் பாதிக் கூலி கொடுத்தார். சீஃப் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. பேச ஆரம்பித்தபோது, அந்த இரண்டாவது காகிதத்தைத் தம் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்.

கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை, வாசகர்களே. நாம் கொடுத்ததை அது நம்பியது. அது கொடுத்ததை நாம் நம்பினோம். நேரில் போய்ப் பார்க்க வேண்டியவர் யார் என்பதில்தான் குழப்பம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனேன். மெஷின் ஜம்மென்று ஓடியது. தரையில் அசைவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. முந்தானையால் விசிறிக்கொண்டே தனம் வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மேல இருந்தப்போ காத்து பிச்சிக்கினு வரும் சார். இங்க ஒரே புழுக்கம். நீதான எங்கள எறக்கி வுட்ட?"

ஆமாம் தாயே, நான்தான்!