கப்பித்தானுக்கு மீன் ஆகாது

எழுவைதீவுத் துறையில் படகு வந்து கட்டும்போது கரையில் ஒரு பெண்ணின் சத்தம் காற்றையும் மிஞ்சிக் கேட்டால், புதிதாய் வந்தவர்கள்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஊர்க்காரர் பார்ப்பதில்லை. மேரிசுகந்தி யாரையாவது ஏசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். தராசுத் தட்டைக் கால்விரலால் அமத்திய கருவாட்டு வியாபாரியை அவள் துறையிலிருந்து அந்தோனியார் கோவிலடிவரை துரத்தியிருக்கிறாள். ஒருமுறை ஞாயிறு பூசையில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனபோது எழுந்து நின்று, "சுவாமி, வெளியிலை மழை இருட்டுது, என்ரை கருவாடு காயுது" என்று சொல்லிவிட்டு வெளியே போனவள். பின்னால் பாதிக் கோவில் போனது.

சண்டைக்காலத்தில் தீவு காலியானபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே பிள்ளைகள் அவளுடைய பெயரைக் கேட்கவில்லை. "தீவார்" என்றார்கள். மீன் மணக்குது என்று தாங்கள் இருந்த வாங்கைத் தள்ளிப் போட்டார்கள். அவள் முதலில் அழுதாள், பிறகு அடித்தாள். அடித்தது வேலை செய்தது. அன்று பிடித்த கோபத்தை அவள் பிறகு விடவே இல்லை. ஊர் திரும்பி, யேசுரட்ணத்தைக் கட்டி, அவன் பிடிக்கிற மீனில் விற்றதுபோக மிஞ்சியதைக் கருவாடாக்கி, இரண்டு பெண்பிள்ளைகளையும் கட்டிக்கொடுத்து முடித்த பிறகும் அது அப்படியே இருந்தது. யேசுரட்ணம் நேர்மாறு. வாய் திறக்காத மனுசன். அவள் ஏசத் தொடங்கினால் வலையைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாய்ப் போய்விடுவான்.

கப்பித்தான் அவனுடைய படகில் வந்த பூனை. ஊர்காவற்றுறையில் கட்டியிருந்தபோது வலைக் குவியலுக்குள் ஏறிப் படுத்திருக்க வேண்டும். நடுக்கடலில்தான் தலையை நீட்டியது. சாம்பல் நிறம், ஒரு காது பாதி. கப்பலோட்டுகிற கப்பித்தானைப்போலப் படகின் முன்னணியத்தில் போய் நின்று கடலைப் பார்த்தபடி வந்ததாம். அதனால் அந்தப் பெயர். மேரிசுகந்தி ஏசாத ஒரே உயிர் அதுதான். கருவாடு காயும் இடத்தில் காகத்தைக் கலைப்பது அதன் வேலை. கூலி மீன்தலை.

போன வருசம் அது சொறியத் தொடங்கியது. கழுத்தைச் சுற்றி மயிர் கொட்டி, கண்ணுக்கு மேலே தோல் கிழிந்து, சொறிந்து சொறிந்து இரத்தம் வந்தது. தின்றதும் கக்கியது. உடம்பு எலும்பாய்ப் போனது. பக்கத்து வீட்டு அல்போன்சம்மா மண்ணெண்ணெய் பூசச் சொன்னாள். இன்னொருத்தர் வேறு தீவில் கொண்டுபோய் விடச் சொன்னார். மேரிசுகந்தி இருவரையும் ஏசிவிட்டு, பூனையை மூடியுள்ள கூடையில் வைத்து, முதல் படகு பிடித்து, ஊர்காவற்றுறையில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனாள்.

மிருக வைத்தியர் கிருசாந்தி என்ற இளம்பெண். பூனையின் தோலையும் காதையும் பார்த்தாள், பூச்சி இல்லை என்றாள். என்ன சாப்பிடுகிறது என்று கேட்டாள்.

"மீன்தான். வேறை என்ன?"

"அன்ரி, சில பூனையளுக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. எனக்கு அந்தச் சந்தேகம்தான் இருக்கு. ஒரு ரெண்டு மாசத்துக்கு மீன், கருவாடு, மீன்தண்ணி ஒண்டும் காட்டக்கூடாது."

"பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாதோ? பிள்ளை, நீர் படிச்சுத்தான் வந்தனீரோ?"

கிருசாந்தி கோபிக்கவில்லை. வெறும் கோழியிறைச்சியை மட்டும் அவித்துக் கொடுத்தால் பூனைக்கு வேண்டிய சத்தெல்லாம் சேராது என்றும், உடம்பு தேற வேண்டுமென்றால் புரதம் கூடின உலர் உணவு நல்லது என்றும் சொன்னாள். "ஆனால் மீன் சேராததாய்ப் பாத்து வாங்கவேணும். வாங்க முந்திப் பையின்ரை பின்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கோ."

அந்தக் கடைசிச் சொல்லை மேரிசுகந்தி சரியாகக் கேட்கவில்லை. மீன் ஆகாத பூனை என்று ஊரில் போய் எப்படிச் சொல்வது என்ற யோசனையில் இருந்தாள்.

செல்லப்பிராணிச் சாமான் விற்கிற கடையில் ரஜீபன் என்ற பொடியன் இருந்தான். சுவர் முழுக்கப் பைகள். பொன்னிறம், கறுப்பு, ஊதா. எல்லாவற்றிலும் மயிர் அடர்ந்த வெள்ளைப் பூனைகள். "மீன் இல்லாதது வேணும், புரதம் கூடினது வேணும்" என்றாள். அவன் ஒரு பொன்னிறப் பையை எடுத்து முன்னால் வைத்தான். முன்பக்கம் பொரித்த கோழி பளபளத்தது. "இதுதான் அன்ரி ஆகத் திறம். பிரீமியம், ஹை புரோட்டீன். தனிச் சிக்கன்."

"மீன் இல்லைத்தானே?"

"சிக்கன் எண்டால் சிக்கன்தானே அன்ரி."

ஊரில் அல்போன்சம்மா பையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "பூனைக்கு மீன் ஆகாதெண்டுறாய். இனி வானத்துச் சம்மனசுக்குச் செபம் ஆகாதெண்டும் சொல்லுவாய்." அன்றைக்கு அவர்களின் வேலி இரண்டு பக்கத்திலிருந்தும் ஆடியது.

கப்பித்தான் புது உணவை விழுந்து விழுந்து தின்றது. கருவாடு காயும் பக்கம் அதை அவள் அண்டவிடவில்லை. உடம்பும் கொஞ்சம் வைத்தது. ஆனால் சொறிவு நிற்கவில்லை. இரண்டு வாரம் போய், மூன்று வாரம் போய், கழுத்துப் புண் இன்னும் பெரிதானது. மேரிசுகந்திக்கு ஒரே ஒரு விடைதான் தெரிந்தது. படகால் இறங்கி வந்துகொண்டிருந்த யேசுரட்ணத்தைத் துறையிலேயே மறித்தாள்.

"நீங்கள்தானே மீன் குடுக்கிறியள்? எனக்குத் தெரியாமல் குடுக்கிறியள், என்ன?"

"அந்தோனியாராணை நான் ஒண்டும் குடுக்கேல்லை."

"பொய்! அது உங்கடை காலைச் சுத்தி வாறதை நான் காணேல்லையோ? அந்தச் சீவனைச் சாக்காட்டப் பாக்கிறியள்!"

வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். யேசுரட்ணம் மீன்பெட்டியைக் கீழே வைத்தான். அதற்குப் பிறகு அவள் அவனோடு கதைக்கவில்லை. சோற்றைப் போட்டுக் கோப்பையை மேசையில் அடித்து வைத்தாள். அவன் படகிலிருந்து வீட்டுக்கு வருமுன் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தான். அதையும் அவள் நடிப்பு என்றாள்.

மறுபடி கிருசாந்தியிடம் போனபோது பூனையோடு பையையும் கொண்டுபோனாள். கிருசாந்தி பூனையைப் பார்க்கவில்லை. பையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அன்ரி, இதிலை ரெண்டாவதாயே மீன்தூள் இருக்கு. கீழை மீன் எண்ணெயும் போட்டிருக்கு. படம் அனுப்பச் சொன்னனான் எல்லே?"

மேரிசுகந்தி எழுந்தாள். பூனையை அங்கேயே விட்டுவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, வெயிலில் நடந்தே அந்தக் கடைக்குப் போனாள்.

கடையில் ஒரு பெண் தன் வெள்ளைப் பூனையைக் கூட்டில் வைத்துக்கொண்டு நின்றாள். ரஜீபன் அவளோடு சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தான். மேரிசுகந்தி பையை அவன் முன்னால் போட்டாள்.

"தம்பி, மீன் இல்லையெண்டு சொல்லித் தந்தனீர். இதுக்குள்ளை மீன் கிடக்கு."

அவன் பையை எடுத்துப் பார்க்கவும் இல்லை. "கொஞ்சம் இருக்கும் அன்ரி. பூனைச் சாப்பாடுதானே. எங்கையிருந்து வாறியள்?"

"எழுவைதீவு."

அவன் மற்றப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான். "தீவுப் பக்கத்துப் பூனைக்கு உதெல்லாம் ஏன் அன்ரி? ஒரு கருவாட்டுத் தலையை வீசிவிட்டால் முடிஞ்சுது."

மேரிசுகந்தி பையின் வாயைப் பிய்த்து, மிச்சமிருந்த உணவு முழுவதையும் அவனுடைய மேசையில் கொட்டினாள். அது கணினி விசைப்பலகையிலும் அவன் மடியிலும் நிலத்திலும் உருண்டது.

"என்ரை பூனை எங்கத்தையெண்டு கேக்கிறதுக்கு நீர் ஆர்? சீவன் தோல் உரிஞ்சு கிடக்கு. உம்மடை ஒரு பொய்யாலை! ஒருக்கால் திருப்பிப் பாக்க உமக்குக் கை இல்லையோ? உந்தக் கோழிப் படத்தைக் காட்டிக் காட்டி எத்தினை பேரைப் பேயராக்கினனீர்?"

"அன்ரி, சத்தம் போடாதேங்கோ, ஆக்கள்..."

"போடுவன்!" அவள் ஒரு கதிரையை இழுத்துக் கடைவாசலுக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். "இப்ப உந்தச் சுவரிலை இருக்கிற ஒவ்வொரு பையையும் எடும். பின்பக்கத்தை வாசியும். சத்தமாய், தமிழிலை வாசியும். மீன் இல்லாத ஒண்டு வாறமட்டும் நான் எழும்பமாட்டன்."

வெளியே ஆட்கள் நின்று பார்க்கத் தொடங்கினார்கள். ரஜீபனுக்கு வேறு வழி இருக்கவில்லை. ஒரு பையை எடுத்தான். முன்பக்கம் கோழி, பின்பக்கம் கடல்மீன். அடுத்தது மாட்டிறைச்சி என்றது, உள்ளே சூரைமீன். ஊதாப் பையில் மீன் எண்ணெய் மட்டும்தான் என்றான் அவன், நப்பாசையோடு.

"மீன் எண்ணெய் என்ன ஆட்டிலையோ வடியிறது? அடுத்ததை எடும்."

வெள்ளைப் பூனைக்காரி முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் நின்றாள். நாலைந்து பை போனதும் தான் வாங்கி வைத்திருந்ததை நீட்டி, "இதையும் ஒருக்கா வாசியும்" என்றாள். அதில் முதலாவது சோளம். "நான் இறைச்சியெண்டெல்லோ வாங்கினனான்" என்று அவளும் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில், கீழ்த்தட்டில், பூனைப் படமே இல்லாத மண்ணிறப் பை ஒன்று வந்தது. தூசி பிடித்திருந்தது. ரஜீபன் வாசித்தான்: கோழியிறைச்சி, தாரா இறைச்சி, பட்டாணி, கோழிக்கொழுப்பு. இன்னொருமுறை வாசித்தான். மீன் இல்லை. புரதம் பொன்னிறப் பையைவிடக் கூட இருந்தது. அவனே தலையைச் சொறிந்தான். மேரிசுகந்தி படமெடுத்து அனுப்பினாள். கிருசாந்தி இதைக் கொடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் எழுந்தாள். பொன்னிறப் பைக்குப் பதிலாக அதை வாங்கிக்கொண்டு, நிலத்தில் கிடந்ததை மிதித்தபடி வெளியே வந்து, கிருசாந்தியிடம் விட்ட பூனையை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள்.

படகில் வரும்போது கோபம் இறங்கவில்லை, இடம் மாறியது. கடல்மீன் என்று ரஜீபன் வாசித்தது காதில் நின்றது. எந்தக் கடல்? அக்கரை இந்திய இழுவைப்படகுகள் வந்து, யேசுரட்ணத்தின் வலையையும் அறுத்துவிட்டு, அடியோடு வாரிக்கொண்டு போகிற மீன் இப்படித்தான் தூளாகி எங்கேயோ ஒரு பைக்குள் போகிறதோ என்று நினைத்தாள். பிறகு யேசுரட்ணத்தை நினைத்தாள். சவர்க்காரம் போட்டுக் கழுவிய அவனுடைய கைகளை நினைத்தாள்.

வீட்டில் அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"பையுக்குள்ளைதான் மீன் இருந்திருக்கு" என்றாள், ஏதோ ஊர்ச்செய்தி சொல்வதுபோல.

"அப்ப நான் குடுக்கேல்லை."

"இல்லை."

அவள் குசினிக்குத் திரும்பினாள். பின்னால் அவன் எழுந்த சத்தம் கேட்டது. அவன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"அவ்வளவுதானோ? நாலுபேருக்கு முன்னாலை என்னைக் கொலைகாரன் எண்டனி. பூனைக்கு என்ன ஒத்துக்கொள்ளாதெண்டு அறியக் கடல் தாண்டிப் போறாய். எனக்கு என்ன ஒத்துக்கொள்ளாதெண்டு ஒருநாள் கேட்டனியோ? இவ்வளவு காலமும் உன்ரை கோவத்தைத் திண்டுதான் நான் சீவிச்சனான். எனக்கும் தோல் உரியுதடி!"

வலையைக் காலால் எத்திவிட்டுப் போனான். படகை எடுத்துக்கொண்டு அனலைதீவில் தமக்கை வீட்டுக்குப் போய்விட்டான்.

அவன் இல்லாத நாட்களில் மேரிசுகந்தி எல்லாரோடும் எரிந்து விழுந்தாள். காகத்தை ஏசினாள், கிணற்றுக் கயிற்றை ஏசினாள். அல்போன்சம்மா மட்டும் ஒருமுறை வேலிக்கு மேலால், "போய்க் கூட்டிக்கொண்டு வாவன்" என்றாள். "வரத் தெரியாதவரோ?" என்று கத்திவிட்டு உள்ளே போய் முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலையும் நேரம் அவனுடைய படகு வந்தது. அவள் துறைக்கு இறங்கிப் போனாள். அவன் கயிற்றைக் கட்டி முடியும்வரை நின்றாள்.

"என்ன ஒத்துக்கொள்ளேல்லை உங்களுக்கு? சொல்லுங்கோ."

அவன் கயிற்றின் முடிச்சை இன்னொருமுறை இறுக்கினான். "ஆக்களுக்கு முன்னாலை என்னை ஏசுறது. வீட்டுக்குள்ளை எண்டால் ஏசு. தாங்குவன்."

"அதை முந்தியே சொல்லியிருந்தால் என்ன, வாய்க்குள்ளை என்ன கிடந்தது..." அவள் குரல் ஏறியது. சனம் திரும்பியது. அவள் பாதியில் நிறுத்தினாள். பற்களைக் கடித்துக்கொண்டு அவனுக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். மிச்சத்தைக் குசினிக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டு ஏசினாள். இடையில் எங்கேயோ அழுதாள். யேசுரட்ணம் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டான்.

கப்பித்தானின் கழுத்தில் இரண்டு மாதத்தில் மயிர் முளைத்தது. கிருசாந்தி தொலைபேசியில் சந்தோசப்பட்டாள். "அன்ரி, உறுதியாய் அறியவேணுமெண்டால் இனி ஒரு சின்னத் துண்டு மீன் குடுத்து, திரும்பச் சொறியுதோ எண்டு பாக்கலாம்."

"சோதினையோ?" மேரிசுகந்தி கருவாட்டைப் பிரட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள். "அது பட்டது காணாதோ? நீர் வேணுமெண்டால் திண்டு பாரும் பிள்ளை. என்ரை பூனைக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கக்கூடாது." தொலைபேசியை வைத்துவிட்டு, மணலில் இறங்கிய காகத்துக்குத் தானே ஒரு கல்லை எடுத்தாள்.