உயிரியல் டீச்சருக்காக நான் சொல்லாத சாட்சி

ஒரு பழைய பெயின்ட் வாளி. அடியில் நாலு விரல் உயரத்துக்குச் சேறு, அதன்மேல் கொஞ்சம் உப்புத் தண்ணீர். எண்ணூர் முகத்துவாரத்துச் சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்தித் தத்திப் போகிற மீன் இரண்டு அதில் கிடந்தன. விடிந்ததும் முழங்கால்வரை இறங்கி, சாம்பலும் எண்ணெயும் கலந்த அந்தச் சேற்றை வாரிப் பூசிக்கொண்டு பிடித்து வந்தவன் நான். வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டதால் நாற்பது வயதில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். குடுவை கழுவ வேண்டும், எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்ட வேண்டும், உயிரியல் டீச்சர் கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். தற்காலிக வேலைதான். அந்த வருஷம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் இரண்டு பெண்கள், அதைச் சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் ராயபுரத்துக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பள்ளிக்கு வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிற்பாடு அவரைச் சாமி இல்லை என்கிறவர் ஆக்கிவிட்டார்கள். பரிணாமப் பாடம் தொடங்க வேண்டிய மாதம், அதை நடத்தக் கூடாது என்று பெற்றோர் சிலர் ஒரு மனு கொடுத்தார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத மூன்று மதத்துக்காரர்களும் அதில் மட்டும் ஒன்றாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். தாளாளர் சுலபமாக வழி சொன்னார். பரிணாமத்துக்கு அரை பீரியட், கடவுள் படைத்த கதைக்கு அரை பீரியட். இரண்டும் அறிவியல்தான் என்று சொல்லிவிடுங்கள், பிள்ளைகளே முடிவு செய்துகொள்ளட்டும். டீச்சர் முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போதே அவருடைய நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன, எங்களுக்குத்தான் தெரியவில்லை.

ஆய்வகத்திலேயே நடந்த அந்த வகுப்பு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மீன் ஒன்று வாளிக்குள் சாய்த்து வைத்த குச்சிமேல் ஏறி உட்கார்ந்து, பிள்ளைகளை முறைத்துப் பார்த்தது. "இது ஒங்க தாத்தா இல்ல, பயப்படாதீங்க. தண்ணில கெடந்தது எப்டி கரையேறியிருக்கும்னு யோசிச்சுப் பாக்கத்தான் இத கொண்டாரச் சொன்னேன்," என்றார் டீச்சர். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அப்போ சாமி நம்பள படைக்கலயா மிஸ்?" என்று கேட்டாள். டீச்சர் கோபப்படவில்லை. "சாமிய கும்புடு. நானும் கும்புட்டுட்டுதான் வர்றேன். ஆனா இந்த ரூம்ல, கண்ணால பாத்து, தப்பா இருந்தா தப்புன்னு காட்ட முடியிறத மட்டுந்தான் நான் சொல்லுவேன்." அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலத்துக்குள் அது, 'சாமி இல்லைன்னு டீச்சர் சொல்லிச்சாம்' என்று கொருக்குப்பேட்டை வரைக்கும் போய்விட்டது. மறுநாள் வாசலில் கூட்டம். தாளாளர் விசாரணை வைத்தார். பிள்ளைகள் ஆளுக்கொரு விதமாக எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்த அறையில் டீச்சரைத் தவிர இருந்த பெரிய ஆள் நான் ஒருவன்தான். "நீங்க அங்கதான இருந்தீங்க? இவங்க அப்படிச் சொன்னாங்களா இல்லையா?" என்று தாளாளர் கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஜைமேல் என்னை நிரந்தரமாக்குகிற கோப்பு திறந்திருந்தது. வேண்டுமென்றுதான் திறந்து வைத்திருந்தாரோ என்னவோ, அதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. "குடுவ கழுவிக்கினு இருந்தேன் சார். கொழாத்தண்ணி சத்தத்துல ஒண்ணும் காதுல வுழல," என்றேன். டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார்.

அந்த வாரமே அவரை அனுப்பிவிட்டார்கள். விஷயம் பரவியதால் பக்கத்துப் பள்ளிகளிலும் இடம் கிடைக்கவில்லை. இறால் உரிக்கிற கம்பெனியில் மேற்பார்வை பார்க்கிறார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு வேலை நிரந்தரமானது. இப்போது அந்தப் பாடம் வரும்போது சுவரில் இரண்டு படங்கள் மாட்ட வேண்டும், பரிணாமம் ஒரு பக்கம், படைப்பு ஒரு பக்கம். ஸ்டூல் போட்டு ஏறி இரண்டையும் ஒரே உயரத்தில் மாட்டுகிறவன் நான்தான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கும்.

போன மாதம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் அவரைப் பார்த்தேன். கூட்ஸ் வண்டி நகராமல் நின்றுகொண்டிருந்தது, என்னாலும் நகர முடியவில்லை. தலை பாதி நரைத்திருந்தது. கையில் காய்கறிப் பை, விரல்கள் ஐஸ் பட்டு ஊறி வெளுத்திருந்தன. என் சைக்கிளை ஓரம் கட்டிவிட்டு அருகில் போய், இத்தனை வருஷமாக மென்று விழுங்கியதைக் கொட்டிவிட்டேன். "நான் பொய் சொன்னேன் டீச்சர். அன்னிக்கு நீங்க சொன்னது எல்லாமே எனக்குக் கேட்டுச்சு."

"தெரியும்ணே," என்றார், சாதாரணமாக. "நான் பாடம் ஆரம்பிச்சா நீங்க கொழாய மூடிடுவீங்க. தெனமும் பாத்திருக்கேன். ஒங்களுக்கும் கேக்கட்டும்னுதான் நான் கொஞ்சம் சத்தமா எடுப்பேன்."

கேட் திறந்தது. பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து போய்விட்டார்.