நான் எடுத்துவிட்ட படைப்பிரிவுப் பெயர்

பிரெஞ்சுத் தலைநகரில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் நான் வேலை செய்யும் அச்சகத்தில், என் மேசை இழுப்பறைக்குள் ஒரு பித்தளை நங்கூரம் கிடக்கிறது. கட்டைவிரல் அளவுதான், தொப்பியில் குத்துவது. தன் மரண அறிவித்தலின் மேலே போடச் சொல்லி சார்ஜன்ட் ஐயா தந்தது.

உயிரோடு இருக்கும்போதே தன் மரண அறிவித்தலை எழுதிக்கொண்டு வந்த ஒரே வாடிக்கையாளர் அவர். புதுச்சேரிக்காரர், பிரெஞ்சு இராணுவத்தில் ஓய்வு பெற்றவர். "விசர்க் கதை கதையாதேங்கோ ஐயா" என்று முதலாளி அண்ணை கடிந்தார். அவர் சிரித்துக்கொண்டே தாளை என்னிடம் நீட்டினார். பெயருக்குக் கீழே படைப்பிரிவின் பெயரும் எண்ணும் இருந்தன. "எங்க ஆளுங்கள்ல ஒரே பேர்ல பத்துப் பேர் இருக்கான் தம்பி. ரெஜிமாந் பேரைப் பாத்தாதான் பழைய சிப்பாய்ங்க சாவுக்குக் கொடியத் தூக்கிட்டு வருவானுங்க."

அந்தப் பெயர்களின் கதையை, கையிலுள்ள கோப்பி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் சொல்வார். அரசர் காலத்தில் காலாட்படைப் பிரிவு கர்னலின் சொத்துப்போல அவன் பெயரையே சுமந்ததாம். பிறகு மாகாணங்களின் பெயர்கள் வந்தன. புரட்சி அவற்றையும் அழித்து வெறும் எண்களைக் கொடுத்தது. அவருடைய படை முதலில் கடல் காலாட்படை, பிறகு கொலோனியால், அதாவது காலனிப் படை, அவர் சேர்ந்த பின் மறுபடியும் கடல். "கொலோனியால்னு சொல்ல அவனுங்களுக்கே வெக்கமாயிடுச்சு. நங்கூரத்த மட்டும் யாரும் மாத்தல" என்று கண்ணடிப்பார். எனக்கு அந்தக் கதை பிடிக்காது. ஆமி என்றாலே யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கைக்குள் வந்த சப்பாத்துச் சத்தம்தான் என் காதில் கேட்கும்.

ஒரு மாரிக்காலத்தில் அவர் இறந்தார். அவருடைய மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. "அப்பா சொன்னபடியே போடுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னாள். நான் படைப்பிரிவு வரியை எடுத்துவிட்டேன். நங்கூரத்தையும் போடவில்லை. எங்கள் சனம் சாமான் வாங்கும் கடைக் கண்ணாடியில் ஒட்டும் அறிவித்தலில் ஆமியின் பெயரா என்று மனம் முரண்டு பிடித்தது. பதிலாக 'ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர்' என்று அடித்தேன். யாழ்ப்பாணத்தில் இதைவிட மரியாதை ஏது என்று எனக்கு நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்தன்று தேவாலயத்தில் மகள் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தாள். கொடி வரவில்லை.

பத்து நாள் கழித்து, கடைக் கண்ணாடியிலிருந்து கிழித்த அறிவித்தலோடு ஒரு முதியவர் ஊன்றுகோலை ஊன்றி வந்தார். அவருடைய கோட்டிலும் அதே நங்கூரம். "இவர் எந்த ரெஜிமாந் தம்பி? அரச உத்தியோகத்தர்னு இருக்கவும் வேற ஆள்னு விட்டுட்டேன். மனசு கேக்கல." நான் பெயரையும் எண்ணையும் சொன்னேன். அவர் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அத ஏன் போடல?"

"மகள்தான் போட வேண்டாமெண்டு சொன்னவ ஐயா."

வாய் கூசாமல் சொன்னேன்.

"இங்கயே பொறந்த புள்ள, அதுக்கு என்ன தெரியும், பாவம்" என்று அவர் அவளை மன்னித்தார். சீ, நானும் ஒரு மனிசனா! ஒன்றும் அறியாத பிள்ளையின் தலையில் என் பிழையைக் கட்டிவிட்டு, அவருக்குத் தேநீர் வேறு வாங்கிக் கொடுத்தேன்.

மகள் கார்ஜ் என்ற புறநகரில்தான் இருக்கிறாள். ரயில் ஏறினால் கால் மணி நேரம். இரண்டு வருடமாக, சனிக்கிழமை காலையில் அவளிடம் கொடுத்துவிட எண்ணி அந்த நங்கூரத்தை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறேன். கடை பூட்டும்போது திரும்பவும் இழுப்பறைக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன்.