தவறாகத் திருப்பிய பக்கம்

“நல்லாத்தான் வாசிக்கிறே. ஆனா வாசிக்கிறதை நீ நம்புறியாம்மா?” என்று எங்கள் சபைக்கு வரும் டாக்ஸி ஓட்டுநர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் ஆராதனை முடிந்ததும் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் உள்ள எங்கள் தமிழ்ச் சபையில் வேதபாடம் வாசிப்பது எனக்குப் பெருமை.

அவருக்கு அறுபது வயதிருக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. மூன்று வருடங்களுக்கு முன் மனைவி புற்றுநோயில் இறந்த பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தார். ஆனால் எல்லோரும் முழங்கால்படியிடும்போது அவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

போன ஞாயிறு நான் ஒத்திகை பார்க்காமல் மேடை ஏறி, வேதாகமத்தில் தவறான பக்கத்தைத் திருப்பிவிட்டேன். துதிப் பாடலுக்குப் பதிலாக, ஒருவன் கடவுளிடம் கோபித்துக் கதறும் பகுதி. பாதியில்தான் தெரிந்தது. நிறுத்தினால் மானம் போகும் என்று கடைசிவரை வாசித்தேன். பிறகு ஜெபவேளையில் பார்த்தால், அவர் முழங்காலில் இருந்தார்.

வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். “இப்படிச் சண்டை போடுறதும் வேதத்துலயே இருக்கா?”

“இருக்கு அங்கிள். ஆனா நான் பக்கம் மாத்தி வாசிச்சிட்டேன்.”

“பரவால்ல லா. கடவுள்மேல கோபப்படுறவனுக்கு அவர்கிட்ட இடமில்லன்னு மூணு வருஷமா நானே முடிவு பண்ணி வச்சிருந்தேன். இன்னிக்குத்தான் அவர்கிட்ட மன்னிப்பு கேட்டேன்.”

வீடு திரும்பும் ரயிலில் என்னால் உட்காரவே முடியவில்லை. வாசிப்பதை நம்புகிறேனா என்ற அவருடைய பழைய கேள்வியை இப்போது நானே கேட்டுக்கொண்டேன். வரும் ஞாயிறு அதே பகுதியை, இந்த முறை தெரிந்தே, வாசிக்கப் போதகரிடம் அனுமதி கேட்டு, வாசிப்போர் பட்டியலில் என் பெயரை எழுதிவிட்டேன்.