மெட்டு ரோட்டுத் திருஷ்டி முகம்

என் அண்ணன் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். அவருக்கு மலைமேல் ஏலத்தோட்டம் இருக்கிறது. செடி சரம் சரமாகக் காய்த்து நிற்கிற வருடத்திலும், எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், "ஏதோ கெடக்கு" என்பார். மதினி வைத்த கறிக்குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு சரியா இருக்கு" என்று கை கழுவப் போவார். நல்ல வார்த்தை சொன்னால் கண் பட்டுவிடும் என்பது அவர் கட்சி. தன் கண்ணையே நம்பாத மனிதர்.

நான் போடியில் ஓர் அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து வடிவமைப்பு செய்கிறவள். ஏலக்காய் டப்பாவுக்கு லேபிள், கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துக்கு பிளெக்ஸ். வயது நாற்பத்திரண்டு. பென்சில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து வரைகிறேன். பள்ளியில் ஓவியத்துக்கு முதல் பரிசு வாங்கிக்கொண்டு ஓடி வந்தபோது அண்ணன், "போய்ச் சாப்புடு" என்றார். அவர் கேட்காமலே அவர் கல்யாணப் பத்திரிகையை நான்தான் வரைந்தேன். அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எழுத்து தெரியுது" என்றார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மனிதர் வாயிலிருந்து என் கைவேலையைப் பற்றி ஒரு வார்த்தை வராதா என்று ஏங்கியே எனக்குப் பாதி முடி நரைத்துவிட்டது. மீதிப் பாதி பிளெக்ஸ் கேட்டு வருகிறவர்களால் நரைத்தது.

போன வருடம் அண்ணன் மெட்டு ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் வீடு கட்டினார். மலையேறுகிற வண்டியெல்லாம் அந்த வழியாகத்தான் போக வேண்டும். காலையில் தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிப் போகிற ஜீப்புகள் சாயங்காலம் அதே வழியில் இறங்கி வரும். அண்ணன் வீட்டுக்கு மயில் நீலத்தில் பெயிண்ட் அடித்தார். பால்கனிக்கு முறுக்குத் தூண் நான்கு, தேக்குக் கதவில் இரண்டு யானை. எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தவிக்கத் தொடங்கினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தேடி வந்தார்.

"ஆத்தா, திருஷ்டிக்கு வீட்டு முன்னாடி ஒரு மூஞ்சி மாட்டணும். கடையில விக்கிறது வேணாம். அம்புட்டு வீட்லயும் அதே நாக்கு, அதே பல்லு. ஒரு பயலும் பயப்பட மாட்டேங்கிறான். நீதான் என்னமோ வரைவியே, நீயே ஒண்ணு செஞ்சு கொண்டா. பால் காச்சுறதுக்குள்ள வேணும். வெரசாச் செய்யி."

முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக என் அண்ணன் என்னிடம் ஒரு படம் கேட்டிருக்கிறார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் போனில் தனியாக ஓர் உலகம் உண்டு. விசித்திரமாக எதைப் பார்த்தாலும் சேமித்து வைத்துவிடுவேன். போலந்தில் கூரையைத் தரையில் ஊன்றித் தலைகீழாகக் கட்டிய வீடு, அமெரிக்காவில் கைப்பிடியோடு பிரம்புக்கூடை வடிவில் எழுப்பிய மாடிக் கட்டிடம், ஜப்பானில் தெருச் சாக்கடை மூடியில் வார்த்து வண்ணம் தீட்டிய மீனும் பூவும். அச்சகத்தில் வேலை இல்லாத நேரம் இதுதான் எனக்குச் சோலி. அன்று முழுக்க முகங்களாகத் தேடினேன். ஜப்பானில் கூரை ஓட்டின் நுனியில் கொம்பு வைத்த பூதமுகம் இருக்கிறது. பாலித் தீவில் முழி பிதுங்கிய காவல் முகம். சுவிட்சர்லாந்து மலைக்கிராமத்தில் குளிர்காலத்தில் கோணல் பல்லோடு மரமுகம் மாட்டிக்கொண்டு தெருவில் ஓடுகிறார்கள். உலகம் பூராவும் மனிதன் முகத்தைக் காட்டித்தான் எதையோ விரட்டிக்கொண்டிருக்கிறான். அண்ணன் தனி ஆள் இல்லை என்று தெரிந்ததில் எனக்கு அவர்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது.

அப்போதுதான் பழைய வீடியோ ஒன்று கண்ணில் பட்டது. மேசைமேல் ஒரு காகித விலங்கு. கேமரா நகர நகர அது தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. உண்மையில் அது அசையவே இல்லை. அதன் முகம் வெளியே புடைத்திருக்காமல் உள்ளே குழிந்திருக்கிறது, அவ்வளவுதான். முகம் என்றால் புடைத்துத்தான் இருக்க வேண்டும் என்று நம் கண் அடம்பிடிக்கும். அந்த அடத்தில், நாம் நகரும்போது அந்த முகம் நம் பக்கமாகத் திரும்புவதுபோல் தெரியும். இதை மூன்றடி உயரத்துக்குச் செய்து மாட்டினால்? நினைத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

கண்மாய்க் களிமண்ணைக் கொண்டுவந்து ஒரு முகம் பிசைந்தேன். புருவம் ஜப்பான், முழி பாலி, பல் சுவிட்சர்லாந்து, மீசை மட்டும் போடி. வேன்களுக்கு பாடி கட்டுகிற பட்டறையில், அதன்மேல் ஃபைபர் ஒட்டி எடுத்துக் கொடுத்தார்கள். மண்ணைத் தட்டிவிட்டு, குழிந்த உட்பக்கத்துக்குப் பெயிண்ட் அடித்தேன். "உள்ள எதுக்கு அடிக்கிறீக? வெளிப்பக்கமில்ல அடிக்கணும்" என்று பட்டறைக்காரர் இரண்டு நாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். காய்ந்ததும் சுவரில் சாய்த்து வைத்து, அவரை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னேன். நடந்தார். நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

பால் காய்ச்ச ஒன்பது நாள் இருக்கும்போது, அண்ணன் தோட்டத்தில் இருந்த சமயமாகப் பார்த்து, மதினியும் நானும் ஆள் வைத்து அதைப் பால்கனிக்கு நடுவில் மாட்டினோம். சாயங்காலம் முதல் ஜீப்பு மலையிலிருந்து இறங்கியது. வீட்டைத் தாண்டியது. கொஞ்ச தூரம் போய் நின்றது. அப்படியே பின்னால் வந்தது.

"ஏ, இங்க பாருங்கடி, நம்மளயே பாக்குது!" என்று உள்ளேயிருந்து ஒரு பெண்ணின் குரல்.

ஜீப்பு முன்னால் போனது. முகம் அந்தப் பக்கம் திரும்பியது. பின்னால் வந்தது, இந்தப் பக்கம் திரும்பியது. பத்துப் பன்னிரண்டு பெண்களும் தூக்குவாளியோடு இறங்கிவிட்டார்கள். நாளெல்லாம் காய் எடுத்துக் களைத்தவர்கள், ரோட்டில் அங்கும் இங்கும் நடந்து சிரித்த சிரிப்பைப் பார்த்து எனக்கும் சிரிப்பு பொங்கியது. பின்னால் வந்த லாரியை நிறுத்திவிட்டு, "அய்யோ சேச்சி, இது நம்மளத்தன்னே நோக்குன்னு!" என்று மலையாளத்து டிரைவரும் அவர்களோடு சேர்ந்து நடந்தார். மூன்றாம் நாள் குரங்கணிக்கு மலையேற வந்தவர்கள்கூட வழியை மாற்றிக்கொண்டு வந்தார்கள். ரோட்டோரத்தில் சுண்டல் வண்டி ஒன்று முளைத்தது.

நான்காம் நாள் அண்ணன் மலையிலிருந்து இறங்கினார். தன் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்து யாருக்கு என்ன ஆனதோ என்று பதறி ஓடி வந்தவர், விஷயம் தெரிந்ததும் என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டார்.

"கண்ணு படக் கூடாதுன்னுதான ஒன்ன மூஞ்சி செய்யச் சொன்னேன்? இப்ப ஊருக் கண்ணு பூராவும் இங்கதான் நிக்கிது! கழட்டு அத!"

"அண்ணே, நீ அத நடந்து பாத்தியா?"

"நான் எதுக்கு நடக்கணும்? என் வீட்டு முன்னாடி நான் எதுக்குக் கிறுக்கன் மாதிரி நடக்கணும்?"

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. நீயே ஏணி வைத்துக் கழற்றிக்கொள், இனி உன் வீட்டுப் பக்கம் வந்தால் ஏன் என்று கேள் என்று கத்தினேன். இன்னும் ஐந்தாறு நாளில் புது வீடு புக வேண்டியவர்களிடம் பேசுகிற பேச்சா அது? மதினிதான் குறுக்கே வந்தார். கையைக் காட்டி எங்கள் இருவரையும் சும்மா இருக்கச் சொன்னார். வேலையாட்களின் டீக்குப் பால் ஊற்றுகிற பால்காரர் பின்வாசலில் வந்து நின்றிருந்தார்.

"அண்ணே, முன்னாடி மூஞ்சி பாத்தீகளா?" என்று மதினி கேட்டார்.

"பாக்காமயா? தெனம் நாலு நடை நடந்துட்டுத்தான வர்றேன். அந்தப் பல்லும் முழியும், யப்பா!"

"சரி, வீட்டுக்கு என்ன கலரு அடிச்சிருக்கோம்?"

பால்காரர் யோசித்தார். பின்வாசலிலிருந்து பார்த்தால் பூசாத செங்கல்தான் தெரியும். "வெள்ளதான?" என்றார்.

அண்ணனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. உடனே போனை எடுத்து, காலையில் வந்து பார்த்துவிட்டுப் போனதாக மதினி சொன்ன ஏலத்தோட்டக்காரச் சிநேகிதரைக் கூப்பிட்டார். "மாப்ளே, நம்ம பால்கனித் தூணு எப்பிடி?" அந்தப் பக்கத்துப் பதில் எங்களுக்கும் கேட்டது. "தூணு வச்சிருக்கியா?"

"பாத்தீகளா?" என்றார் மதினி. "அம்புட்டுப் பேரும் மூஞ்சியத்தான் பாக்குறாக. ஒங்க வீட்ட ஒருத்தரும் பாக்கல. இதவிட என்ன செய்யணும் அது?"

அண்ணனால் மறுக்க முடியவில்லை. சந்தோஷப்படவும் முடியவில்லை. முறுக்குத் தூணுக்காக மதுரை வரை மூன்று தடவை போய் வந்தவர். கடைசியில், "சரி, கெடக்கட்டும்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

பால் காய்ச்சுகிற நாளும் வந்தது. சிலமலையிலிருந்து, பொட்டிபுரத்திலிருந்து, மலைமேலிருந்து எல்லாம் சொந்தமும் சிநேகமும் வந்தார்கள். ஒருவரும் நேராக உள்ளே வரவில்லை. சீர்த்தட்டைக் கையில் வைத்துக்கொண்டே ரோட்டில் இரண்டு நடை நடந்துவிட்டுத்தான் வந்தார்கள். சிலமலைச் சித்தப்பா முகத்தைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து நடந்து மணல் குவியலில் போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தும், "இப்பவும் என்னயத்தான் பாக்குது!" என்று கத்தினார். நான் பட்டுப்புடவையில் மாடியில் நின்று அதையெல்லாம் பார்த்துப் பூரித்துப்போயிருந்தேன்.

சந்தனக் கிண்ணத்தை எடுக்க வாசலுக்கு இறங்கியபோதுதான் அது காதில் விழுந்தது.

"இத யாருப்பா செஞ்சது?" என்று கேட்டவரிடம் அண்ணன், "கடையில வாங்குனதுண்ணே" என்றார்.

இன்னொருவரும் கேட்டார். "மதுரையில ஒரு கடை. போற வழியில வாங்குனது."

மூன்றாவது ஆளுக்கு என்ன சொன்னார் என்று கேட்க நான் அங்கே நிற்கவில்லை. நல்லாருக்கு என்று சொல்ல வேண்டாம். என் தங்கச்சி செய்தது என்றுமா சொல்லக் கூடாது? சமையல் நடந்த கொல்லைப்புறத்தில், அண்டாக்களுக்கு நடுவில் நின்று அழுதேன். வெங்காயம் உரித்த கூடை ஒன்று அங்கே கிடந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. பந்தியில் எனக்குப் பிடித்த சேமியாப் பாயசத்தைக்கூடத் தொடவில்லை.

சாயங்காலம் விருந்தாட்கள் கலைந்ததும் மதினி திருஷ்டி கழிக்க வந்தார். முற்றத்தில் சிரட்டை நெருப்பு தயாராக இருந்தது. கல்லுப்பையும் வரமிளகாயையும் கையில் அள்ளிக்கொண்டு, "வாங்க, வந்து உக்காருங்க" என்று அண்ணனைக் கூப்பிட்டார். வீடு கட்டியவருக்குத்தான் முதலில் சுற்றுவார்கள். அண்ணன் உட்காரவில்லை. நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தேன். வந்து என் கையைப் பிடித்தார்.

"ஆத்தா, நீ உக்காரு."

"எனக்கெதுக்கு? மதுரைக் கடைக்காரனக் கூப்பிட்டு உக்கார வையி" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காலையிலேர்ந்து நூறு பேருகிட்டக் கடையில வாங்குனதுன்னு சொல்லிட்டேன். ஒருத்தன் நம்பல. 'அட, ஓந் தங்கச்சி கைதானப்பா இது'ன்னு சொல்லிட்டுச் சொல்லிட்டுப் போறான். வீட்டுக்குக் கண்ணு பட்டா பூசணிக்காய ஒடச்சுக்கலாம். ஒனக்குப் பட்டா நான் என்ன செய்வேன்? மொதல்ல ஒனக்குத்தான் சுத்தணும். உக்காரு."

உட்கார்ந்தேன். மதினி மூன்று தரம் இடமும் வலமும் சுற்றி, என்னைத் துப்பச் சொல்லி, எல்லாவற்றையும் நெருப்பில் போட்டார். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு கணக்கு உண்டு. மிளகாய் நெடி கமறினால் கண் படவில்லை என்று அர்த்தம். நெடியே வராமல் கருகினால், அவ்வளவு பேர் கண்ணும் அந்த ஆள்மேல் விழுந்திருக்கிறது.

மிளகாய் வெடித்தது. புகை முற்றத்தைச் சூழ்ந்தது. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குத் தொண்டை எரிந்து, அடுத்தடுத்துத் தும்மல் வந்தது. அண்ணன் மட்டும் நெருப்புக்கு மேலே குனிந்து நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். இருமினார். மறுபடியும் இழுத்தார். கண்ணிரண்டும் சிவந்து தண்ணீர் மீசைவரை வழிந்தது.

"பாத்தியா," என்றார், இருமலுக்கு நடுவே. "நெடியே இல்ல. கொஞ்சங்கூட இல்ல."