மாமாவின் கிடாரும் நான் காட்டிய கட்டை விரலும்

பத்து வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. மாமா கிடார் வாசிக்கும்போது நான் அறையின் கடைசியில் போய் நின்று, சத்தம் எப்படி இருக்கிறதென்று கையால் சொல்ல வேண்டும். நன்றாக இருந்தால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவது. கூடினாலோ குறைந்தாலோ உள்ளங்கையைக் கீழேயோ மேலேயோ அசைப்பது. அந்த வேலையை நான் எவ்வளவு கேவலமாகச் செய்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. மாமா தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்ற தைரியத்தில் இப்போது சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஏற்காட்டுக்குப் பக்கத்தில், வாழவந்தியில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். எஸ்டேட்டில் காபிக்கொட்டையின் தோலை உடைக்கும் மிஷின் ஷெட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடகர் குழுவுக்குக் கிடார் வாசிப்பார். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்டால் சிரிப்பார், அவ்வளவுதான்.

ஒருநாள் ஏற்காடு பஜாரில் ப்ரவுசிங் சென்டருக்குப் போனவர், மெமரி கார்டு நிறைய வீடியோக்களை ஏற்றிக்கொண்டு வந்தார். ஐரோப்பாவில் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போன ஜிப்ஸி ஜனங்களின் ஜாஸ் இசையாம். வரிசையாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாலு பேர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை விழுகிற வேகத்தில் வாசித்தார்கள். அன்றைக்குத் தம்பி கெட்டான் என்று அம்மா பிற்பாடு சொல்வாள். இந்த ஒரு விஷயத்தில் அம்மா மிகைப்படுத்தவில்லை.

அந்த வாசிப்பில் வலது கை இருக்கும் இருப்பே வேறு. உள்ளங்கை கிடாரில் படக் கூடாது. மணிக்கட்டை வளைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு, கம்பியை மேலிருந்து கீழே அடிக்க வேண்டும். விரலில் பிடித்து மீட்டும் பிக், அடித்த பிறகு காற்றில் நிற்காமல் அடுத்த கம்பியின் மேல் போய் உட்கார வேண்டும். கம்பி மாறும்போதெல்லாம் முதல் அடி கீழ்நோக்கித்தான். கடையில் விற்கிற மெல்லிசான பிளாஸ்டிக் பிக் இதற்கு ஆகாதென்று, கொட்டாங்குச்சியைச் சிமெண்ட் தரையில் தேய்த்துத் தடியாக ஒன்று செய்துகொண்டார். கரண்ட் இல்லாத காலத்து வாசிப்பு இது, டான்ஸ் ஆடுகிற கூட்டத்துக்கு நடுவில் வெறும் கிடார் கேட்க வேண்டுமென்றால் இப்படி அடித்தால்தான் உண்டு என்று எனக்கு விளக்குவார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டுவேன்.

வெறும் கிடாராக வாசித்தவரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சர்ச்சுக்காக, சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் வாங்கினார் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. கிடாருக்குள் ஒட்டிய, கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து ஒயர் போட்டு ஆம்பில் சொருகினால், அவர் விரும்பிய சத்தம் வரவில்லை. மந்தமாக இருக்கிறது, கம்பளியைப் போர்த்தின மாதிரி இருக்கிறது என்பார். கீச்சுச் சத்தத்தைத் தூக்கும் ட்ரெபிளைக் கூட்டுவார். கம்பியை மாற்றுவார். பிக்கப்பைப் பிய்த்து அரை விரல்கடை தள்ளி ஒட்டுவார். மறுபடி ட்ரெபிளைக் கூட்டுவார். எனக்கோ அது மந்தமாகவே இல்லை. தட்டில் ஆணியால் கீறின மாதிரி பல் கூசியது. நடுநடுவே வீலென்று ஒரு விசில் வேறு கிளம்பும்.

ஆனால் நான் கட்டை விரலைத்தான் தூக்கிக் காட்டினேன். காரணம் மிளகாய் பஜ்ஜி. சத்தம் சரியாக அமைந்த நாளில் மாமா என்னை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கித் தருவார். சரியில்லை என்றால் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார், அந்த நாளே போச்சு. பஜ்ஜிக்காக மட்டும் என்றும் சொல்ல முடியாது. கட்டை விரலைப் பார்த்ததும் அவர் முகம் மலர்வதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது யோசித்தால் எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. மாமாவின் காது போய்க்கொண்டிருந்தது. மிஷின் ஷெட்டில் பதினோரு வருஷம் நின்ற காது. முழுச் செவிடு இல்லை. பேச்சு கேட்கும், பஸ் சத்தம் கேட்கும். கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போயிருந்தன. அவருக்கு அது தெரியாது. எங்களுக்கும் தெரியாது. ஆம்ப்தான் மட்டம் என்று அவரும், மாமாவுக்குத்தான் சத்தம் வைக்கத் தெரியவில்லை என்று ஊரும் நாங்களும் நினைத்துக்கொண்டிருந்தோம். காது குத்துகிறது என்று பெரியவர்கள் முறையிட்டதில் சர்ச்சில் அவரை மரியாதையாக நிறுத்திவிட்டு, ஒரு கீபோர்டு பையனை உட்கார வைத்தார்கள். மாமா மூன்று ஞாயிறு சர்ச்சுக்கே போகவில்லை. அம்மா மாமாவின் துணிகளைத் துவைத்துத் தேய்த்து வைத்தபடியே அழுதாள்.

அந்தச் சமயத்தில்தான் ஏற்காட்டில் ஒரு லாட்ஜில், கோடை சீசனில் சனி ஞாயிறு சாயங்காலம் சாப்பாட்டு ஹாலில் வாசிக்க ஆள் தேடுவதாகத் தகவல் வந்தது. ஒரு சனிக்கிழமை வந்து வாசித்துக் காட்டட்டும், பிடித்தால் வைத்துக்கொள்கிறோம் என்றார் சேலத்துக்காரரான மேனேஜர். மாமாவுக்கு அதைவிட்டால் வாசிக்க வேறு இடம் கிடையாது. அன்று காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸில் ஆம்பை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

“உன்ற காத நம்பித்தான் கண்ணு வாரேன்.”

ஹாலில் ஏழெட்டுக் குடும்பங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தன. மாமா மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆம்பைச் சுவர் பிளக்கில் சொருகிவிட்டு, கடைசி மேஜைக்குப் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். முதல் அடியிலேயே எனக்குப் பல் கூசியது. பழக்க தோஷம், கட்டை விரலைத் தூக்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பாட்டு எப்படியோ போய்விட்டது. இரண்டாவதில் விசில் கிளம்பியது. நிற்கவே இல்லை. ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தது. ஒரு அம்மா டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். மேனேஜர் கல்லாவிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு வந்தார். மாமாவோ கண்ணை மூடி, உதட்டில் சிரிப்போடு, தன் வாழ்நாளிலேயே மிக அழகாக வாசித்துக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்ச் சுவர் சுவிட்சை அணைத்தேன்.

விசில் நின்றது. மாமா கண்ணைத் திறந்து பார்த்தார். ஆனால் கை நிற்கவில்லை. வெறும் கிடாராக, அந்தத் தடிப் பிக் ஒவ்வொரு கம்பியின் மேலும் விழுந்து விழுந்து எழ, சத்தம் கடைசி மேஜைவரை கணீரென்று போனது. எழுந்த அந்த அம்மா திரும்ப உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கை தட்டினார்கள்.

“ஏனுங்க, இதே நல்லாத்தானுங்க இருக்குது? அந்தப் பொட்டிய ஊட்லயே வச்சிட்டு வாங்க” என்றார் மேனேஜர். அடுத்த சனிக்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவிட்சை அணைத்தது நானல்லவா! ஆனால் பஸ்ஸில் மாமா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கொஞ்ச தூரம் போனதும், ஏன் அணைத்தாய் என்று கேட்டார். விசில் அடித்தது, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள் என்றேன்.

“எப்பருந்து கண்ணு அடிக்குது?”

பாராட்டு வாங்கும் அவசரத்தில் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மழைக்காலத்திலிருந்தே அடிக்கிறது, வீட்டிலும் அடிக்கும், சர்ச்சில் ஞாயிறுதோறும் அடித்தது, நான்தான் சொல்லவில்லை என்றேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் தலையில் கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமலே இருந்தார். பிறகு ஒரு விளையாட்டு விளையாடலாமா என்றார். இந்த பஸ்ஸுக்குள்ளும் வெளியிலும் இப்போது என்னென்ன சத்தம் கேட்கிறது, ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். தனக்கும் கேட்டால் தலையாட்டுவாராம்.

எஞ்சின் என்றேன், தலையாட்டினார். ஹாரன் என்றேன், கண்டக்டர் பேசுவது என்றேன், ஆட்டினார். முன் சீட்டு அக்காவின் கொலுசு என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னல் கம்பி கிறீச்சிடுவது, யாரோ போனில் விளையாடுகிற கேம், கம்பியில் தொங்கும் சாவிக்கொத்து, பின்னால் ஒரு பாப்பாவின் பீப்பி. ஒன்றுக்கும் தலை ஆடவில்லை. கடைசியாக, வெளியே காபிச் செடிகளில் சில்வண்டு என்றேன்.

“சில்வண்டா? இப்பவா சாமி?”

இப்பத்தானுங்க மாமா, நிக்காமக் கத்துது என்றேன். அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எங்கள் நிறுத்தம் வரும்வரை அப்படியே இருந்தார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் முயன்று பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் முகம் நனைந்திருந்ததற்குப் பனிமூட்டம்தான் காரணமென்றும் நினைத்தேன். பஸ் நின்றதும் அவருக்கு முன்னால் இறங்கி வீட்டுக்கு ஓடி, வாசலிலிருந்தே அம்மாவிடம் நல்ல செய்தியைச் சொன்னேன். ஒன்பதுக்கு மூன்று, மாமாவை ஜெயித்துவிட்டேன் என்று.